ஆளுநரை அனுப்பும் கை

சட்டப்பேரவை நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் எத்தனை நாள் கிடப்பில் போடலாம்? இந்தக் கேள்விக்கு 2025-இல் உச்ச நீதிமன்றமே இரண்டு விடைகள் தந்தது. ஏப்ரல் 8 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, தமிழ்நாட்டு ஆளுநர் ஒப்புதல் தராமல் வைத்திருந்த 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றுவிட்டதாகவே கொள்ளப்படும் என்றது. இனி வரும் மசோதாக்களுக்குக் காலக்கெடுவும் வகுத்தது. குடியரசுத் தலைவர் விளக்கம் கேட்டதையடுத்து விசாரித்த ஐவர் அமர்வு, நவம்பர் 20 அன்று வேறு சொன்னது. ஆளுநருக்கு நாள் குறிப்பதும், ஒப்புதல் கிடைத்துவிட்டதாக அனுமானிப்பதும் நீதிமன்றத்தின் வேலை அல்ல. காரணமே சொல்லாமல் அவர் நெடுங்காலம் சும்மா இருந்தால் மட்டும் முடிவெடுக்கச் சொல்லலாம் என்பது அதன் கருத்து.

முதல் விடைக்குப் பட்டாசு வெடித்தவர்கள் இரண்டாவது விடைக்கு முகம் சுளித்தார்கள். எதிர்த்தரப்பில் இதுவே தலைகீழாக நடந்தது. நாள் கணக்கை வைத்து இந்தச் சண்டை தீராது என்பதே நம் கருத்து. ஆளுநரை அனுப்புவதும் அழைத்துக்கொள்வதும் ஒரே கை என்று இருக்கும்வரை, எந்தத் தீர்ப்புக்கும் ஒரு சந்து கண்டுபிடிக்கப்படும். நியமனத்தையும் பதவிக் காலத்தையும் பற்றிய 155, 156-ஆவது பிரிவுகளைத் திருத்தியே ஆக வேண்டும்.

ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்ற யோசனை அரசமைப்பு நிர்ணய சபையில் இருந்தது. 1949 மே மாத இறுதியில் நடந்த விவாதத்தில் அது கைவிடப்பட்டு, நியமன முறை ஏற்கப்பட்டது. முதல்வரும் ஆளுநரும் ஆளுக்கொரு மக்கள் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு மோதுவார்கள் என்ற அச்சம் நியாயமானதுதான். அரசியலில் பெரிதாக ஈடுபடாத, வெளி மாநிலத்தைச் சேர்ந்த சான்றோர்கள் இந்தப் பதவிக்கு வருவார்கள் என்று நேரு நம்பிக்கை தெரிவித்தார். ஆனால், அந்த நம்பிக்கை சட்டத்தில் ஏறவில்லை. ஆளுநராவதற்கு 157-ஆவது பிரிவு கேட்கும் தகுதி இரண்டே: இந்தியக் குடியுரிமை, 35 வயது. 156-ஆவது பிரிவோ, குடியரசுத் தலைவர் விரும்பும் வரையே அவர் பதவியில் இருப்பார் என்கிறது. குடியரசுத் தலைவரின் விருப்பம் என்பது நடைமுறையில் மத்திய அமைச்சரவையின் விருப்பம்.

குடியரசு பிறந்து இரண்டே ஆண்டுகளில் சோதனை வந்தது, அதுவும் நம் மாநிலத்தில். 1952 பொதுத் தேர்தலில் சென்னை மாகாணப் பேரவையின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. டி.பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் கூட்டணி அமைத்து ஆட்சிக்கு உரிமை கோரின. ஆளுநர் ஸ்ரீபிரகாசாவோ தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை அழைத்தார். மக்களிடம் வாக்குக் கேட்காமலே, நியமன உறுப்பினராக மேலவைக்குள் நுழைந்து ராஜாஜி முதல்வரானார். அவருடைய ஆட்சித் திறனை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் பேரவை எண்ணிச் சொல்ல வேண்டிய பெரும்பான்மையை ஆளுநர் மாளிகை முடிவு செய்யலாம் என்ற வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

அந்த வழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 1984 காட்டியது. இதய அறுவைச் சிகிச்சை முடித்து அமெரிக்காவிலிருந்து திரும்பிய என்.டி.ராமராவை, பெரும்பான்மை இழந்துவிட்டார் என்று சொல்லி ஆகஸ்ட் 16 அன்று ஆந்திர ஆளுநர் ராம்லால் பதவிநீக்கம் செய்தார். பேரவையைக் கூட்டி எண்ணிப் பார்க்கும் பொறுமை அவருக்கு இல்லை. ராமராவ் தம் எம்.எல்.ஏ.க்களைத் திரட்டிக்கொண்டு டெல்லிக்குப் போய், குடியரசுத் தலைவர் மாளிகையில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தலைகளை எண்ணிக் காட்டினார். சட்டமன்றத்தில் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு ஜனாதிபதி மாளிகையில் நடந்தது. நாடெங்கும் கிளம்பிய எதிர்ப்பில் ராம்லால் போனார். செப்டம்பர் 16 அன்று ராமராவ் மீண்டும் முதல்வரானார். பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் பேரவைதான் என்று உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொல்ல 1994-இன் எஸ்.ஆர்.பொம்மை வழக்குத் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த விளையாட்டில் கை கழுவிக்கொள்ளத் தகுதியுள்ள கட்சி எதுவும் இல்லை. 1977-இல் ஜனதா அரசு ஒன்பது மாநிலங்களின் காங்கிரஸ் ஆட்சிகளைக் கலைத்தது. 1980-இல் இந்திரா காந்தி அதே எண்ணிக்கையில் பதில் சொன்னார். 1976-இல் தன் ஆட்சி கலைக்கப்பட்ட வேதனையை அறிந்த தி.மு.க., 1980-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டபோது காங்கிரஸின் கூட்டாளி. 2004-இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு நான்கு ஆளுநர்களை ஒரே மூச்சில் நீக்கியது. 2014-இல் பா.ஜ.க. அரசு வந்ததும் முந்தைய ஆட்சி அமர்த்திய ஆளுநர்கள் ஒவ்வொருவராக விலக நேர்ந்தது. எதிர்க்கட்சி வரிசையில் கூட்டாட்சி பேசுவதும், ஆளுங்கட்சி வரிசைக்கு மாறியதும் அதை மறப்பதும் எல்லாருக்கும் பழகிப்போனது.

விலை கொடுப்பது யார்? துணைவேந்தர் நியமனத்தை மாநில அரசிடம் கொடுக்கும் மசோதாவைத் தமிழகப் பேரவை 2022 ஏப்ரலில் நிறைவேற்றியது. அது கிடப்பில் கிடக்க, 2023 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. தேடுதல் குழுவில் யு.ஜி.சி. பிரதிநிதி வேண்டும் என்றது ஆளுநர் தரப்பு. வேண்டாம் என்றது மாநில அரசு. நூற்றைம்பது ஆண்டுகளைத் தாண்டிய பல்கலைக்கழகம் ஒருங்கிணைப்புக் குழுவின் கையில் விடப்பட்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் சட்டம் வந்த பிறகும் 2025 மே மாதத்திலேயே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. இரு தரப்பும் தத்தம் வாதத்தில் உறுதியாக நிற்கலாம். பட்டம் வாங்கக் காத்திருக்கும் மாணவருக்கு அந்த உறுதியால் காலணாப் பயன் இல்லை.

ஆளுநர் இல்லாவிட்டால் மாநில அரசுகள் தறிகெட்டுப் போகும் என்று ஒரு வாதம் உண்டு. பேரவைப் பெரும்பான்மை எப்போதும் சரியாகவே நடக்கும் என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் தவறான சட்டத்தைத் தடுக்க நீதிமன்றங்கள் இருக்கின்றன. தவறான ஆட்சியை இறக்க வாக்காளர்கள் இருக்கிறார்கள். தொங்கு பேரவை அமையும்போது யாரை முதலில் அழைப்பது என்று முடிவு செய்ய ஒருவர் தேவைதான். அவர் நடுவராக இருக்க வேண்டும் என்பதால்தான், ஒரு தரப்பு மட்டும் அவரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்கிறோம். கபடி ஆட்டத்தில்கூட ஓர் அணி தன் செலவில் நடுவரைக் கூட்டிவந்தால் மற்ற அணி களத்தில் இறங்காது.

மருந்துச் சீட்டு எழுதியே பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 1988-இல் அறிக்கை தந்த சர்க்காரியா குழு, முதல்வரைக் கலந்தே ஆளுநரை நியமிக்க வேண்டும் என்றது. 2010-இல் அறிக்கை தந்த பூஞ்சி குழு, பிரதமர், உள்துறை அமைச்சர், மக்களவைத் தலைவர், மாநில முதல்வர் ஆகியோர் அடங்கிய குழு ஆளுநரைத் தேர்வு செய்யட்டும் என்றது. ஐந்தாண்டுப் பதவிக்காலத்தை உறுதிசெய்யவும், மசோதாக்கள் மீது ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்கவும் பரிந்துரைத்தது. அதே 2010-இல் உச்ச நீதிமன்றமும், மத்திய அரசின் கொள்கையோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஆளுநரை நீக்கக் கூடாது என்றது. ஆனால் நீக்கக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதால், அந்தப் பாதுகாப்பு ஏட்டளவிலேயே நிற்கிறது.

பூஞ்சி குழு சொன்ன தேர்வுக் குழுவை 155-ஆவது பிரிவில் சேர்க்க வேண்டும். காரணம் எழுதாமல் ஆளுநரை நீக்கவோ மாற்றவோ முடியாது என்று 156 சொல்ல வேண்டும். கட்சிப் பொறுப்பிலிருந்து விலகிச் சில ஆண்டுகளாவது கழியாதவர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. மசோதாவுக்கான ஆறு மாதக் கெடுவையும் நாடாளுமன்றமே சட்டத்தில் எழுதட்டும். தன்னால் முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்ட பிறகு அந்தப் பொறுப்பு வேறு யாருடையது? மாநில உரிமை பேசும் கட்சிகள், அடுத்த மத்தியக் கூட்டணிக்குக் கையெழுத்துப் போடும் முன் இதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

1991 ஜனவரி 30 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டபோது, கலைக்கச் சொல்லி அறிக்கை தர மறுத்த ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலாவை நினைத்துப் பார்க்கலாம். ஆளுநரின் அறிக்கை பேரிலோ ‘வேறு வகையிலோ’ கலைக்கலாம் என்ற 356-ஆவது பிரிவின் வாசகத்தைப் பிடித்துக்கொண்டு சந்திரசேகர் அரசு காரியத்தை முடித்தது. பர்னாலாவைப் பிகாருக்கு மாற்றினார்கள். அவர் பதவியை விட்டே விலகினார். 2004-இல் டெல்லியில் ஆட்சி மாறியது, தி.மு.க. அதில் பங்காளி. அதே பர்னாலா அதே கிண்டி மாளிகைக்கு மீண்டும் ஆளுநராக வந்தார். பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் நேர்மைக்கு இடமாற்றம் கொடுத்ததும் டெல்லியின் கைதான். பிறகு அதற்குப் பரிசு கொடுத்ததும் டெல்லியின் கைதான்.