சயாம் ரயில்: பதக்கம் யாருக்கு?

சயாம் மரண ரயிலிலிருந்து உயிர்தப்பி வந்ததற்கெல்லாம் வீரப் பதக்கமா என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. செய்த செயலுக்குத்தான் பதக்கம். பேராக் பப்பானில் உயிருக்குத் துணிந்து கொரில்லாப் படையினருக்கு மருத்துவம் செய்து, ஜப்பானியரிடம் சித்திரவதைப்பட்ட சிபில் கார்த்திகேசு அம்மையார் ஜார்ஜ் பதக்கம் பெற்றது அப்படித்தான்.

ஆனால் 1942-43இல் 415 கிலோமீட்டர் பாதை போடக் கொண்டுபோகப்பட்ட நம் தோட்டத்து மக்களில், வாந்திபேதி கண்டவனை விட்டு ஓடாமல் கஞ்சி ஊட்டியவன் ஒருவனும் இல்லையா? பட்டாளத்தானுக்குச் சிபாரிசு எழுத அதிகாரி இருந்தார். கூலிக்காரனுக்கு எவர் எழுதினார்?

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள். நம்மவருக்கு முழுமையான பெயர்ப்பட்டியல்கூட இல்லை. செக்ரோலில் ஒரு நாள் பெயர் விட்டுப்போனால் ஆபீசு வாசலில் என்ன கூச்சல்! (கிராணிக்குத் தெரியும்.) ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து போனவர் பெயர்களைச் சங்கக் கிளைகள் வீடு வீடாகக் கேட்டு எழுதட்டும். பதக்கப் பேச்சு பிறகு.