ஆலை வந்தாலும் கிணற்றை மறக்கலாமோ?

2024 ஆகஸ்டில் தாழையடியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை திறக்கப்பட்ட பிறகு, "யாழ்ப்பாணத்துத் தண்ணிப் பிரச்சினை முடிஞ்சுது" என்று இங்கே பேர்த்தில் இருக்கிற எங்கட ஆக்களும் கதைக்கினம். நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீர் சின்ன விசயமில்லைத்தான். ஆனால் ஆலையோடு எல்லாம் முடிந்துவிடும் என்றால், நாங்கள் வாழுகிற இந்த நகரத்தில் அது எப்போதோ முடிந்திருக்க வேண்டும்.

பேர்த்தின் முதல் ஆலை குவினானாவில் 2006 இல் வந்தது. இரண்டாவது 2011 இல் பினிங்கப்பில். மூன்றாவது அல்கிமோஸில் கட்டப்படுகிறது. இத்தனைக்குப் பிறகும் புல்தரைக்குத் தண்ணி தெளிக்க வாரத்தில் 2 நாள்தான் அனுமதி. அதுவும் காலை 9 மணிக்கு முன், அல்லது மாலை 6 மணிக்குப் பின். யூன் முதல் ஓகஸ்ட் வரை தெளிப்பானைத் திறக்கவே கூடாது. மீறினால் 100 டொலர் தண்டம். வளவுக்குள் சொந்தமாகக் குழாய்க்கிணறு வைத்திருப்பவருக்கும் இதே சட்டம். 2022 இல் அவர்களுக்கிருந்த 3 நாளையும் 2 ஆக்கினார்கள். "என்ர காணி, என்ர காசில அடிச்ச கிணறு" என்ற நியாயம் இங்கே எடுபடாது. நிலத்தடி நீர் ஊருக்குப் பொது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. 1970களில் இருந்து இந்தப் பக்கம் மழை ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தது. அணைகளுக்கு ஓடிவரும் தண்ணியோ 80 சதவீதமளவில் குறைந்துவிட்டது. காய்ந்த நிலம் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். மிஞ்சினால்தான் ஓடை ஓடும்.

கழிவுநீரையும் இவர்கள் விடவில்லை. 2006 இல் குயின்ஸ்லாந்தின் ரூவும்பா நகரத்தில், சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீரோடு சேர்ப்பதா என்று வாக்கெடுப்பு வைத்தபோது 60 சதவீதத்துக்கும் மேலானோர் வேண்டாம் என்றார்கள். பேர்த் அவசரப்படவில்லை. 3 வருடம் பரீட்சார்த்தமாகச் செய்து, சனத்தைக் கூட்டிவந்து காட்டி, அதற்குப் பிறகுதான் 2017 இல் பெரிய அளவில் நிலத்துக்குள் செலுத்தத் தொடங்கியது.

எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. இங்கே ஒரு வீட்டுப் பாவனையில் ஏறத்தாழ 40 சதவீதம் தோட்டத்துக்கே போகிறது. ஆயிரம் லீற்றர் கடல்நீரை நன்னீராக்க 3 முதல் 4 யூனிற் மின்சாரம் வேண்டும். அதைப் புல்லுக்கு ஊற்றிக்கொண்டு அடுத்த ஆலையைக் கட்டுவது, ஓட்டைப் பானையை அடைக்காமல் இன்னொரு குடம் வாங்குகிற வேலை.

இனி எங்கட ஊருக்கு வருவம். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, உப்புத் தண்ணிக்கு மேலே ஒரு நன்னீர்ப் படையாகத் தங்கி நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கும் உவர் மேலே ஏறும். உவர் ஏறிய கிணற்றைத் திருப்பி எடுப்பது லேசில்லை. தாழையடி ஆலையால் குடிதண்ணி தர முடியும். தோட்டச் செய்கைக்கு கிணறுதானே?

இந்த இடத்தில் வெளிநாட்டுக் காசு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பேர்த்தில் தெளிப்பான் நாளைத் தவறாமல் பார்க்கிற நாங்கள், ஊரில் வீடு கட்டும்போது முற்றம் முழுக்க சீமெந்து போடுவிக்கிறம். பெய்யும் மழை நிலத்துக்குள் போக வழியில்லாமல் றோட்டுக்கு ஓடுகிறது. அதே வளவில் ஆழமாகக் குழாய்க்கிணறும் அடிப்பிக்கிறம். மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி இடைவெளி என்று கேட்பதில்லை.

அரசாங்கம் கிணறுகளைக் கணக்கெடுக்க வேண்டும், குளங்களைத் தூர்வார வேண்டும். அதைக் கேட்பது எங்கட உரிமை. ஆனால் முற்றத்தில் பாதியை மண்ணாக விடவும், கூரைத் தண்ணியைச் சேர்க்க ஒரு தொட்டி வைக்கவும் எந்த அமைச்சரின் கையெழுத்தும் தேவையில்லை. அடுத்த முறை வீட்டு வேலைக்குக் காசு அனுப்பும்போது மேசனிடம் இந்த இரண்டையும் சொல்லிவிடுங்கோ.