பையில் அடங்காத ஆயத்தம்

 

ஒலுவில் துறைமுகத்தை அண்டி வாழும் சகோதரிகளுக்குப் பயண ஆயத்தம் என்றால் என்னவென்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆழ்கடலுக்குப் பல நாள் படகில் போகிறவர் ஐஸ், டீசல், குடிநீர், அரிசி, வலை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்றுவார். எஞ்சினைச் சரிபார்க்காமல் கடலில் இறங்க மாட்டார். வீட்டுச் செலவுக்கும் ஒரு வழி செய்துவிட்டுத்தான் படி இறங்குவார். அதே மனிதர் தஃவாப் பணிக்காக ஜமாஅத்தில் புறப்படும்போது ஆயத்தம் ஒரு பையோடு முடிந்துவிடலாமா?

மௌலானா முஹம்மத் இல்யாஸ் (ரஹ்) அவர்கள் 1920களில் டில்லிக்குத் தெற்கேயுள்ள மேவாத் பகுதியில் தொடங்கிய தப்லீக் பணி, இன்று நம் கிழக்குக் கரையின் ஒவ்வொரு மஹல்லாவிலும் வேரூன்றியிருக்கிறது. மாதத்தில் மூன்று நாள், வருடத்தில் நாற்பது நாள், வாழ்நாளில் நான்கு மாதம் என்பது அதன் ஒழுங்கு. யாருக்கும் சம்பளம் இல்லை. அவரவர் செலவு அவரவருடையது. ஒரே பள்ளியில் உறங்கி, ஒரே சஹனில் உண்டு, முறை வைத்துச் சமைத்து, அமீரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, எதையும் மஷூரா செய்து நடத்தும் பயணம் அது. முன்பின் பழகாதவர்கள்கூட உடன்பிறந்தவர்களைப் போல் திரும்பி வருவதை நாம் கண்டிருக்கிறோம்.

பை கட்டுவதில் நம் பெண்கள் கெட்டிக்காரிகள். சாரன், தொப்பி, விரிப்பு, மருந்து, அடையாள அட்டை எதுவும் விடுபடாது. ஆனால் பையில் அடங்காத ஆயத்தங்கள் நான்கு உண்டு, சகோதரிகளே!

முதலாவது, வீட்டுச் செலவு. யமன் நாட்டிலிருந்து சிலர் கட்டுச்சோறு எதுவுமின்றி ஹஜ்ஜுக்கு வந்தார்கள். அல்லாஹ்வையே நம்பி வந்தோம் என்றார்கள்; மக்கா வந்ததும் மக்களிடம் கையேந்தினார்கள். அப்போதுதான் பயணத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும்படி பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனம் இறங்கியது. போகிறவர் கையேந்தக் கூடாது என்றால், அவர் விட்டுச் செல்லும் மனைவி மக்கள் கையேந்தலாமா? நாற்பது நாளைக்கு அரிசி எவ்வளவு, கரண்ட் பில் எவ்வளவு, பிள்ளையின் டியூஷன் காசு எவ்வளவு என்று இருவருமாக உட்கார்ந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். துறைமுகம் 2013இல் திறக்கப்பட்ட பின், அதன் வாயை மணல் மூடிப் படகுகள் வெளியே போக முடியாமல் கிடந்த காலங்களும் உண்டு; வடக்கே கரை அரித்துத் தென்னைகள் கடலோடு போனதும் உண்டு. வருமானம் இப்படி ஆடிக்கொண்டிருக்கும் வீட்டில் 'அல்லாஹ் பார்த்துக்கொள்வான்' என்ற ஒரு சொல்லோடு படி இறங்குவது தவக்குல் ஆகாது. கடலிலோ வயலிலோ கொஞ்சம் காசு கையில் சேரும் பருவம் வரை பொறுத்துப் போவதில் குறைவொன்றுமில்லை.

இரண்டாவது, கடன். குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். ஷஹீதுக்கும் கடன் மட்டும் மன்னிக்கப்படுவதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். கடைக் கொப்பியில் நிற்கும் பாக்கி, சீட்டுக் காசு, அடகில் இருக்கும் நகை எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். தவணை வந்துவிட்டால் அதைக் கொடுத்த பிறகே பயணம். முடியாவிட்டால் கடன் தந்தவரிடம் நேரில் போய்ச் சம்மதம் கேட்கட்டும்.

மூன்றாவது, பெற்றோரின் திருப்தி. நம் பகுதியில் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்வதுதான் வழக்கம். அதனால் அவருடைய உம்மாவும் வாப்பாவும் வேறொரு தெருவில் இருப்பார்கள். புறப்படும் அவசரத்தில் அவர்களை மறப்பது எளிது. பெற்றோரை அழவைத்துவிட்டு வந்த ஒருவரிடம், திரும்பிப் போய் அவர்களைச் சிரிக்க வையுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொல்லி அனுப்பிய வரலாறு உண்டு. உங்கள் மாமி நோயாளி என்றால், அவரை யார் பார்ப்பது என்பதை முடிவு செய்த பிறகே பையை எடுக்கச் சொல்லுங்கள். நினைவூட்ட வேண்டியவர் நீங்கள்தாம்.

நான்காவது, உங்கள் சொல். இதுதான் பெரும்பாலும் விடுபட்டுப்போவது. கலீஃபா உமர் (ரழி) அவர்கள், கணவன் போர்க்களத்தில் இருக்க வீட்டில் தனித்திருந்த ஒரு பெண்ணின் ஏக்கத்தைக் கேட்டு வருந்தினார்கள். ஒரு பெண் எத்தனை காலம் பொறுப்பாள் என்று தம் மகள் ஹஃப்ஸா (ரழி) அவர்களிடமே கேட்டார்கள். அந்தப் பதிலைக் கொண்டே படைவீரர்களுக்குத் தவணை வகுத்தார்கள். அறிவிப்புகளில் அது நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் வருகிறது. ஒரு பேரரசின் படைக்கே சட்டம் போடுமுன் பெண்ணிடம் கேட்டார்கள் என்றால், ஒரு வீட்டின் பயணத்துக்கு மனைவியிடம் கேட்க வேண்டாமா? பள்ளியில் நடப்பது மட்டும் மஷூரா அல்ல. அடுப்படியில் இருவர் பேசி முடிவெடுப்பதும் மஷூராதான். உங்களுக்குப் பிரசவ மாதம் நெருங்குகிறதா, மகளுக்கு சாதாரண தரப் பரீட்சை வருகிறதா, இரவில் தனியே இருக்க அச்சமா, எதுவானாலும் வாய்திறந்து சொல்லுங்கள். நல்ல பணிக்குத் தடை சொல்வதாகிவிடுமோ என்று மௌனமாயிருந்து, பின் நாற்பது நாளும் மனதுக்குள் புழுங்குவதில் யாருக்கு என்ன நன்மை? நாள் மாற்றிப் போகலாம். மூன்று நாளாகக் குறைக்கலாம். பின்னர் மஸ்தூராத் ஜமாஅத்தில் இருவருமாகவே போகலாம். அதில் ஆண்கள் பள்ளியிலும் பெண்கள் ஒரு வீட்டிலுமாகத் தங்குவார்கள்.

கடைசியாக ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுக்காரர் ஜமாஅத்தில் போயிருந்தால், அவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பாருங்கள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஓர் ஆட்டோ பிடித்துக் கொடுங்கள். போனவரின் பணியில் இருப்பவருக்கும் பங்குண்டு.

போகிறவர் நிம்மதியாகப் போகவும், இருப்பவர் நிம்மதியாக இருக்கவும், எல்லோரும் ஸலாமத்தாக ஒன்றுசேரவும் அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.