இரத்தம் சொல்லும் சேதி

 

சில மாதங்களுக்கு முன் ஒரே வாரத்தில் இருவர் என்னிடம் இரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டினர். பரிசோதனை ஒன்றே; எண்ணும் ஏறத்தாழ ஒன்றே. பொருளோ வெவ்வேறு.

முதலாமவர் திருச்சியில் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர். முழு உடற்பரிசோதனை செய்துகொண்டதில் 'சி.இ.ஏ. 6.1' என்று வந்திருந்தது. அது புற்றுநோயின் அடையாளம் என்று யாரோ சொல்ல, வஸிய்யத் எழுதுவது எப்படி என்று கேட்க வந்துவிட்டார். இரண்டாமவர் ஸ்ரீரங்கத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். என் நீண்டநாள் நண்பர். பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்து இரண்டாண்டுகள் ஆகின்றன. "உடம்புதான் நன்றாயிருக்கிறதே பாய், இன்னும் எதற்கு ஊசி?" என்று கடைசி ஓராண்டுப் பரிசோதனைகளைத் தவிர்த்திருந்தார். மகள் வற்புறுத்தி அழைத்துச் சென்றபோது, 2 ஆக இருந்த எண் 6.4 ஆகியிருந்தது.

இந்த சி.இ.ஏ. என்பது யாது? 1965ஆம் ஆண்டு கனடாவின் மொன்ட்ரியல் நகரில் பில் கோல்ட், சாமுவேல் ஃப்ரீட்மன் என்னும் இரு மருத்துவர்கள் கண்டறிந்த புரதம் அது. தாயின் கருவிலுள்ள சிசுவின் குடலில் மிகுதியாக இருந்து, பிறப்பிற்குப் பின் மிகக் குறைந்துவிடும். பெருங்குடலில் புற்றுநோய் தோன்றினால் அதன் அணுக்கள் இதை மீண்டும் மிகுதியாகச் சுரந்து இரத்தத்தில் கலக்கின்றன. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 5 நானோகிராம் வரை இயல்பு என்பது பொதுவான அளவு. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு!

ஆனால், புகைபிடிப்போருக்கும், கல்லீரல் நோயுற்றோருக்கும், குடல் அழற்சி உடையோருக்கும் புற்றுநோய் இன்றியே இது உயரலாம். தொடக்கநிலைப் புற்றுநோயிலோ பலருக்கு உயராமலே இருக்கும். ஆகவே, நோய் உண்டா இல்லையா என்று அறிய இது தக்க பரிசோதனை அன்று. எங்கள் சகோதரர் நீண்டகாலமாக சிகரெட் பிடிப்பவர். மருத்துவர் குழாய்க் கருவியால் பெருங்குடலை உட்புறம் பார்த்து, அங்கே புற்று இல்லை என்றார். அல்ஹம்துலில்லாஹ்! வஸிய்யத் எழுதுவது என்றும் நல்லதே; அதனினும் அவசரமானது சிகரெட்டை விடுவது என்றேன்.

நோய் உறுதியானவர்க்கே இந்த எண் உற்ற துணை. அறுவைக்கு முன் மிக உயர்ந்திருந்தால் நோய் பரவியிருக்கவும் திரும்பவும் வாய்ப்பு மிகுதி. அறுவைக்குப் பின் சில வாரங்களில் அது இயல்புக்கு இறங்க வேண்டும். இறங்காவிடில் எங்கோ மிச்சம் இருக்கிறது என்று ஐயுறலாம். இறங்கியது மீண்டும் ஏறினால், வலியோ மெலிவோ தோன்றும் முன்பே கிடைக்கும் எச்சரிக்கை அது. எனவேதான் முதலிரண்டு ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும், பின்னர் ஐந்தாண்டு நிறையும் வரை ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும் பார்க்கச் சொல்கின்றனர்.

குடலின் இரத்தம் முதலில் செல்லுமிடம் கல்லீரல். எனவே பெருங்குடல் புற்று பெரும்பாலும் அங்கேதான் பரவுகிறது. நண்பருக்கும் ஸ்கேனில் கல்லீரலில் சிறு புள்ளி ஒன்று தெரிந்தது. ஒரே இடத்தில் சிறிதாக இருந்ததால் அறுத்தகற்ற முடிந்தது. இப்போது மருந்தேற்றிக்கொண்டிருக்கிறார். முடிவு இறைவன் கையில். ஆயினும், தவறவிட்ட அந்த ஓராண்டை நினைத்து அவர் மகள் கண்கலங்கியதை என்னால் மறக்க இயலவில்லை.

வாசகர்களே! மலத்தில் இரத்தம் கண்டால் 'மூலம்தான்' என்று நாமே தீர்ப்பெழுதிவிடுகிறோம். பெண்களோ வெட்கத்தால் கணவரிடமும் சொல்வதில்லை. மலப்போக்கு வாரக்கணக்கில் மாறினாலும், காரணமின்றி எடை குறைந்தாலும், இரத்தசோகை வந்தாலும் மருத்துவரை நாடுங்கள். திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை நமக்கு அருகிலேயே உள்ளது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. உடல் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். குறித்த நாளில் பரிசோதனைக்குச் செல்வதும் அந்த அமானிதத்தைப் பேணுவதே. நோயுற்ற அனைவருக்கும், என் ஸ்ரீரங்கத்து நண்பருக்கும், வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.