பெயரற்ற முகங்கள்

நமது பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் அண்மையில் இறைவனடி சேர்ந்தார். அடக்கத்திற்கு முந்திய இரவு, பேரப்பிள்ளைகள் நல்லதொரு படத்தைத் தேடிக் கணிப்பொறியின் முன் நெடுநேரம் அமர்ந்திருந்தனர். ஆயிரக்கணக்கில் படங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பெயராக இருந்ததோ வெறும் எண். இறுதியில் கைகொடுத்தது, பின்புறத்தில் பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதப்பட்டு அலமாரியில் கிடந்த கறுப்பு வெள்ளைப் படம்தான்.

அவர்களைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. பங்கின் திருவிழாப் படங்களுக்கு ஒரு மென்பொருளின் துணையால் முகம் முகமாகப் பெயரிட்டு வைத்திருந்தோம். கணிப்பொறியை மாற்றியபோது படங்களை மட்டும் நகலெடுத்தோம். படங்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை. அவை மென்பொருளின் தனிப் பேரேட்டில் இருந்தன என்பதை அறியாதது நமது பிழையே.

படங்களுக்கென மென்பொருள் தேடுவோர், "எது படத்தை அழகாக்கும்?" என்றே முதலில் வினவுகின்றனர். அதற்கு முன் வினவ வேண்டியது ஒன்றுண்டு: "நாம் எழுதும் பெயரை இது எங்கே எழுதிவைக்கிறது?"

எடுத்த நாள், நேரம் முதலியவற்றைக் கருவியே படத்தின் கோப்புக்குள் பதிந்துவிடுகிறது. இதனை 'எக்ஸிஃப்' என்பர். பெயர், விளக்கம் ஆகியவற்றை நாம் எழுதுவதற்கும் 'ஐ.பி.டி.சி.', 'எக்ஸ்.எம்.பி.' என்னும் பொது முறைகள் உள்ளன. இவற்றின்படி கோப்பிலேயே எழுதினால், அது படத்தின் பின்புறத்தில் எழுதியதற்கு ஒப்பாகும். படம் செல்லுமிடமெல்லாம் பெயரும் செல்லும். தனிப் பேரேட்டில் மட்டும் எழுதினால், பேரேடு தொலையும் நாளில் பெயரும் தொலையும்.

விலையின்றிக் கிடைக்கும் 'டிஜிகாம்' பெயர்களைக் கோப்பிலேயே எழுத வல்லது. அமைப்புப் பகுதியில் அதற்கு இசைவு தந்துள்ளோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 'லைட்ரூம் கிளாசிக்' தன் பேரேட்டையே முதன்மையாகக் கொண்டது. எனினும் கோப்பிலும் எழுதும்படி அதற்குப் பணிக்கலாம்.

மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு என்பதை மறத்தலாகாது. 2004இல் கூகுள் வாங்கிய 'பிக்காசா' பல இல்லங்களில் குடிகொண்டிருந்தது. 2016இல் அதன் பராமரிப்பு நிறுத்தப்பட்டது. ஆப்பிளின் 'அப்பர்ச்சர்' 2005இல் வெளிவந்தது. அதனை இனி வளர்ப்பதில்லை என 2014இல் அறிவித்தனர். 'கூகுள் ஃபோட்டோஸ்' 2015 முதல் அளித்துவந்த வரம்பற்ற இலவச இடம் 2021 ஜூன் முதல் நாளோடு முடிவுற்றது. அங்கிருந்து படங்களை மொத்தமாகத் திரும்பப் பெறும்போது, நாம் எழுதிய விளக்கங்கள் தனிக் கோப்புகளில் வருகின்றன. அவற்றை வேண்டாதவையென அழித்துவிடக் கூடாது.

அடுத்தது, படத்தைத் திருத்துதல். ஜே.பி.இ.ஜி. வகைப் படத்தைத் திருத்தித் திருத்தி அதன்மேலேயே சேமித்தால், ஒவ்வொரு முறையும் சிறிது தரம் குறையும். 'லைட்ரூம்', விலையில்லாத 'டார்க்டேபிள்' ஆகியன மூலப் படத்தைத் தீண்டாது, திருத்தங்களைத் தனியே குறித்துவைக்கின்றன. வேறு மென்பொருளைக் கையாள்வோர், ஒரு நகலை எடுத்து அதனையே திருத்துக.

எதைத் தேர்ந்தாலும் முதலில் சோதித்துப் பாருங்கள். பத்துப் படங்களுக்குப் பெயர் எழுதி, அவற்றைப் பென் டிரைவில் நகலெடுத்து, வேறொரு கணிப்பொறியில் வேறொரு மென்பொருளால் திறந்து பாருங்கள். எழுதிய பெயர்கள் அங்கும் தோன்றினால், எஞ்சிய படங்களை நம்பி ஒப்படைக்கலாம். அதன்பின் வன்தட்டு ஒன்றில் முழு நகலெடுத்து, உறவினர் ஒருவரின் இல்லத்தில் வைத்திடுக.

இம்மென்பொருள்களுள் சில, ஒரே முகத்தைப் பல படங்களில் கண்டு ஒன்றுசேர்க்கும் ஆற்றல் பெற்றவை. ஆனால் அம்முகம் யாருடையது என்பதை அவை அறியா, பாட்டி அறிவார். அவர் அருகில் நாணி நிற்கும் அந்தச் சிறுமி இளவயதில் மறைந்த தங்கை என்பதை, அவரையன்றி அறிந்தவர் எவருமிலர்.

ஆகவே, இவ்வாரம் ஒரு மாலைப்பொழுதில் தாத்தா பாட்டியரைக் கணிப்பொறியின் அருகில் அமரச் செய்யுங்கள். அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். மென்பொருளைப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம். சொல்பவரை மாற்றிக்கொள்ள இயலாது.