விடுதி ஊராகுமா?

தமிழ் மக்களே! திருப்பெரும்பூதூர் முதல் ஒரகடம் வரை, ஏரிநீர் பாய்ந்த வயல்களில் இன்று ஆலைகள் நிற்கின்றன. மகிழுந்தும் கைப்பேசியும் கடல் கடந்து செல்கின்றன. அவற்றைச் செய்யும் கைகள் இரவில் எங்கே ஓய்கின்றன?

2021 திசம்பரில், பாக்சுகான் ஆலைப் பெண்கள் தங்கிய விடுதியொன்றில் உணவே நஞ்சாகி, இருநூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். தோழியர் நிலையறியாது துடித்த பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்த பின்னரே நாடு அவர்களைத் திரும்பிப் பார்த்தது. 2024 ஆகத்து 17-இல், வல்லம் வடகாலில் அவ்வாலைப் பெண்களுக்கென 18,720 படுக்கைகள் கொண்ட உறைவிடம் திறக்கப்பெற்றது. செலவு 706 கோடி உருவா. நன்று, வரவேற்கின்றோம்.

ஆயினும், விடுதி தங்கிச் செல்லும் இடம். ஊரோ குடி வேரூன்றும் இடம். நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பெற்றபோது ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். வேலையோடு படுக்கையும் போகுமெனில் அஃது ஊராகுமா? பெற்றோரோடும் பிள்ளைகளோடும் வாழ வீடு, அருகே தமிழ்ப்பள்ளி, மருத்துவமனை, ஊராட்சியில் வாக்கு – இவையன்றோ நகர்!

ஆலைக்கு நிலம் அளந்த அரசே, உழைக்கும் குடிக்கும் மனை அளந்து கொடு! தமிழர் கேட்பது இரவல் படுக்கையன்று, உரிமையுள்ள ஊர்!