தேர்வைத் தள்ளி வைக்கத் தெரிந்த அரசுக்கு ஓட்டப் பந்தயத்தைத் தள்ளி வைக்கத் தெரியாதா?

இரண்டு ஆண்டுகள் கழித்து 2022இல் பள்ளிகளுக்கான குறுவட்ட விளையாட்டுப் போட்டிகள் மீண்டும் தொடங்கின. பிள்ளைகள் மைதானத்துக்குத் திரும்பிவிட்டார்கள் என்று ஆளாளுக்கு வாழ்த்து சொல்லிக் கொள்கிறார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் என் அக்கா மகள் அந்த மைதானத்தில் இல்லை.

கொல்லிமலை எங்களுக்குச் சொந்த ஊர். மலையாளிப் பழங்குடிகள் நாங்கள். 2019இல் அவள் பழங்குடியினர் விடுதியில் தங்கி பத்தாம் வகுப்பு படித்தாள். 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் 3000 மீட்டர் ஓடி மாவட்டத்தில் மூன்றாவதாக வந்தாள். கீழ்நாட்டுப் பிள்ளைகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்கு வருவார்கள். எங்கள் பிள்ளைகள் காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் இறங்கி, பாதிப் பேர் வாந்தி எடுத்து, வெறும் வயிற்றோடு கோட்டில் போய் நிற்பார்கள். அப்படி ஓடி மூன்றாமிடம். "அடுத்த வருசம் ஸ்டேட்டுக்குப் போயிருவேன் பாருங்க மாமா" என்றாள்.

அடுத்த வருசம் வரவே இல்லை. 2020 மார்ச்சில் பள்ளியோடு விடுதியையும் மூடினார்கள். விடுதி மூடியதும் முட்டை நின்றது, காலைப் பயிற்சி நின்றது. சிக்னல் தேடிப் பாறை மேல் ஏறியது போக மீதி நேரம் மிளகு பறித்தாள். பதினொன்றாம் வகுப்பு அப்படியே போயிற்று. பன்னிரண்டாம் வகுப்புக்கு 2021 செப்டம்பரில் பள்ளி திறந்தது, போட்டி திறக்கவில்லை. 2022 மே மாதம் பொதுத்தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்தாள். அவள் வெளியே வந்த பிறகு போட்டி அறிவிப்பு உள்ளே வந்தது. சம்பந்தப்பட்ட ஒரு அலுவலகத்தில் போய்க் கேட்டேன். "அந்தப் பொண்ணுதான் பாஸ் அவுட் ஆயிடுச்சே" என்று தலையை நிமிர்த்தாமலே சொன்னார்கள். 19 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஓட அவளுக்கு இன்னும் வயது இருக்கிறது. ஆனால் பள்ளி முடிந்துவிட்டது.

"உயிர் பெரிதா, விளையாட்டு பெரிதா?" என்று கேட்பீர்கள். உயிர்தான் பெரிது. இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்கு மக்கள் அலைந்த நேரத்தில் பந்தயம் நடத்தியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ரத்து செய்வது வேறு, தள்ளி வைப்பது வேறு. பொதுத்தேர்வை இதே அரசு தள்ளி வைத்தது. மார்ச்சில் நடக்க வேண்டிய 2022 தேர்வு மே மாதம் நடந்தது. 2021இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை நடத்தவே முடியாமல் போனபோது, பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் உள்மதிப்பீடு 30 என்று கணக்குப் போட்டு மதிப்பெண் கொடுத்தார்கள். நல்லது, வரவேற்கிறோம். அரசு வேலைக்குத் தேர்வு எழுதக் காத்திருந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் வீணாயின என்று வயது வரம்பை 30இலிருந்து 32 ஆக்கினார்கள். அதையும் வரவேற்கிறோம். உட்கார்ந்து எழுதுகிறவனின் இரண்டு ஆண்டு இழப்பு கண்ணுக்குத் தெரிகிறது. ஓடுகிறவளின் இரண்டு ஆண்டு மட்டும் ஏன் தெரியவில்லை? மூளை உழைப்பை மேலேயும் உடல் உழைப்பைக் கீழேயும் வைத்த மனுவின் புத்தி கல்வித்துறைக் கோப்புகளில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த இரண்டு ஆண்டுகளில் எல்லா விளையாட்டுமா நின்றுபோனது? 2021 ஜனவரியில் ஜல்லிக்கட்டு நடந்தது, 2022 ஜனவரியிலும் நடந்தது. பார்வையாளர் எண்ணிக்கையைக் குறைத்து, கொரோனா பரிசோதனைச் சான்று கேட்டு, நெறிமுறை வகுத்து நடத்தினார்கள். முதல் மரியாதை யாருக்கு என்று சாதி பார்த்து மோதிக்கொள்ளும் ஊர்களின் திருவிழாவுக்கு அரசிடம் நெறிமுறை இருந்தது. 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் பாதி இருக்கைகளில் ஆட்களை உட்கார வைத்து டெஸ்ட் போட்டி நடந்தது. அதே பிப்ரவரியில் கவுகாத்தியில் தேசிய ஜூனியர் தடகளப் போட்டியும் நடந்தது. ஆனால் அது சங்கம் நடத்தும் போட்டி. அதில் ஓட பயிற்சியாளர் வேண்டும், ஸ்பைக்ஸ் வேண்டும், பயணச் செலவுக்கு அப்பாவிடம் காசு வேண்டும். காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மேலே ஏறப் பல ஏணிகள் உண்டு. மலைப் பிள்ளைக்குப் பள்ளிப் போட்டி என்ற ஒரே ஏணிதான். அதைத்தான் எடுத்தார்கள்.

அந்த ஏணி என்ன செய்யும் என்பதற்கு மதுரை ரேவதி வீரமணியைப் பாருங்கள். பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்டவர். பள்ளிக் காலத்தில் மண்டலப் போட்டி ஒன்றில் வெறுங்காலோடு ஓடியபோதுதான் பயிற்சியாளர் கண்ணனின் கண்ணில் பட்டார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடர் ஓட்டத்தில் ஓடினார். அந்த ஒலிம்பிக்கே ஓராண்டு தள்ளி வைக்கப்பட்டதுதான்! ரேவதி ஓடிய அந்த ஆண்டில் மண்டலப் போட்டி ரத்தாகியிருந்தால் அவர் இன்று எங்கே இருந்திருப்பார்?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2020 ஜூலையிலேயே பள்ளி விளையாட்டுகளின் கால அட்டவணையை மாற்றி அறிவித்தார்கள். அங்கே கல்லூரி வீரர்களில் 2020 வசந்த காலப் பருவத்தை இழந்தவர்களுக்கு விளையாட இன்னோர் ஆண்டு தகுதி கொடுத்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? ரஷ்யாவில் நடக்க வேண்டிய செஸ் ஒலிம்பியாட் கைமாறி வந்ததும், நான்கே மாதங்களில் மாமல்லபுரத்தில் உலகமே மெச்ச நடத்திக் காட்டியது தமிழ்நாடு அரசு. திறமையில் குறைவில்லை. மூன்றாம் அலை ஓய்ந்த பிறகு, 2022 கோடையில், பள்ளியை விட்டுப் போகும் பிள்ளைகளுக்கு மட்டுமாவது ஒரு மாவட்டப் போட்டி நடத்த ஒரு சுற்றறிக்கையும் இரண்டு நாட்களும் போதும்.

இது பொழுதுபோக்குப் பிரச்சனை அல்ல, தோழர்களே. தமிழ்நாட்டில் பழங்குடிகளுக்கு இட ஒதுக்கீடு ஒரே ஒரு விழுக்காடு. அதற்கு வெளியே எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும் இன்னொரு கதவு, அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு, காவலர் தேர்வில் 10 விழுக்காடு. அங்கே கேட்பது சான்றிதழ். அதுவும் மாநிலம், தேசியம் என்று மேலே போகிறவர்களுக்கான சான்றிதழ். நடக்காத போட்டிக்கு எங்கே போய்ச் சான்றிதழ் வாங்குவது?

மலை மீது வில்லுடன் குதிரையில் வல்வில் ஓரி நிற்கிறார். ஆடியில் அவருக்கு அரசு விழா எடுக்கிறது. செங்கரையில் உள்ள ஒன்றிய அரசின் உறைவிடப் பள்ளிக்கு ஏகலைவன் பெயர். கட்டைவிரலை வாங்கிக்கொண்ட பிறகு பெயர்ப்பலகை வைப்பது இந்த நாட்டில் பழைய வழக்கம்தான்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. 2020-21, 2021-22 கல்வியாண்டுகளில் மேல்நிலை வகுப்புகளில் படித்து வெளியேறியவர்களுக்கு, இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் மாவட்ட, மாநில அளவில் ஒரு சிறப்புப் போட்டி நடத்துங்கள். அதில் கொடுக்கும் சான்றிதழைப் பள்ளிப் போட்டிச் சான்றிதழுக்குச் சமமாக ஆணையிடுங்கள். மலையிலிருந்து வருகிறவர்களுக்கு முந்தைய நாளே வண்டியும் தங்குமிடமும் கொடுங்கள், வாந்தியோடு ஓட வேண்டாம். விரைந்து செய்யுங்கள். என் அக்கா மகள் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட் பார்க்கிறாள். வரும் ஏப்ரலில் அவளுக்கு 19 முடிகிறது.